துருவின் பிடி

தேரி என்று சொன்னால் உனக்குப் புரிந்துவிடும்.
அதே சிவப்பு, அதே கடலோரம்.
பனைதான் இல்லை.
கரும்பு இருந்தது, அப்புறம் வீடுகள் வந்தன.
டர்பனுக்குத் தெற்கே, இசிபிங்கோ மேட்டில்,
பாதி வீட்டின் முன்னால்
துளைக்கருவியை இறக்குகிறோம் பெக்கிசிசாவும் நானும்.

மறுபாதி கீழே கிடக்கிறது.
தெருவைத் தாண்டிப் போய்
பள்ளி வேலிமேல் சாய்ந்து,
குளியலறையின் நீல ஓடுகள் ஊருக்கே தெரிய.

மழை விட்டுப் பன்னிரண்டு நாள்.

முதல் மீட்டரில் யாரோ கொட்டிய மண்,
செங்கல் தூள், ஒரு கரண்டி.
இரண்டில் சிவப்பு.
ஐந்தில் சிவப்பு.
ஒன்பதில் பெக்கிசிசா ஸுலுவில் முனகுகிறான்:
இதற்கு அடியே கிடையாது.
இருக்கிறது.
பதினாலில் கை வழுக்கும் களி.
இறங்கி வரும் தண்ணீரெல்லாம்
அங்கேதான் வந்து உட்காரும்,
எழுந்து போக மனமில்லாமல்.

இந்த மேடு ஒரு காலத்தில் நடமாடியது.
கடல் விலகிய நாட்களில்
காற்று அள்ளிவந்து குவித்த வெளிறிய மணல்.
பிறகு அசையாமல் கிடந்து கிடந்து
மணலுக்குள் இருந்த மென்கற்கள் அழுகிக் களியாயின.
இரும்பு துருவாகி
ஒரு பரலை அடுத்த பரலோடு ஒட்டியது.
அவ்வளவுதான் இங்கே அஸ்திவாரம்:
துரு, கொஞ்சம் களி,
நடுவே நிறைய வெற்றிடம்.

காய்ந்திருந்தால் செங்குத்தாய் வெட்டலாம்,
சுவர் மாதிரி நிற்கும்.
மனை விற்பவர்களுக்கு ரொம்பப் பிடித்த மண்.
நனைந்தால்
யாரிடமும் சொல்லிக்கொள்ளாது.

தேவநாயகி படையாச்சி ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவர்.
பயிற்சிக் கார் சேற்றுக்குள் இருக்கிறது,
கூரையும் எல் பலகையும் மட்டும் வெளியே.
என்னிடம் ஒரே கேள்விதான் அவருக்கு:
எதிர்வீட்டு மூட்லிக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?
தைப்பூசத்துக்குக்கூட அந்த ஆள் வந்ததில்லையே.

நான் வரைபடத்தை விரிக்கிறேன்.
மேல்தெருவின் மழைநீர்க்குழாய்
வரைபடத்தில் கடல்வரை போகிறது.
தரையில்
உங்கள் எல்லைக்கல்லோடு நின்றுவிட்டது.

அவர் பதில் சொல்லவில்லை.
எஞ்சிய சமையலறைக்குள் கூப்பிட்டுப்போய்
குளிர்பெட்டியை இடுப்பால் தள்ளுகிறார்.
பின்னால் விரிசல்,
அதன் ஓரமாகப் பென்சிலில் தேதிகள்.
ஒவ்வொரு பெருமழைக்கும் ஒரு கோடு,
அகலம் மில்லிமீட்டரில்.
இரண்டு. இரண்டரை. நான்கு.
பின் ஒரே இரவில் பத்தொன்பது.
கடைசிக் கோட்டின் அருகே தேதி மட்டும்;
அளவுகோல் போன பாதியில் இருந்ததாம்.

என் துறையில் இவ்வளவு சுத்தமான பதிவை
நான் பார்த்ததில்லை.
யாரிடம் காட்டினீர்கள் என்றேன்.
எல்லோரிடமும்தான்.
பெயிண்ட் அடிக்கச் சொன்னார்கள்.

ஆய்வகத்தில் வேலை எளிது.
பித்தளை வளையத்துக்குள் ஒரு வில்லை மண்.
அதன்மேல் வீட்டின் பாரம், அவளவுக்குக் குறைத்து.
முள் அசையவில்லை.
ஒரு மணி நேரம் தாங்கியது;
விட்டிருந்தால் இன்னும் லட்சம் வருஷம் தாங்கியிருக்கும்.
பிறகு குவளையைச் சாய்த்தேன்.
சத்தமே இல்லை.
துரு கையை விட்டது,
வெற்றிடங்கள் மூடிக்கொண்டன,
பதினொரு சதவீதம் உயரம் காணாமல் போனது,
நான் தேநீரை ஊதிக்கொண்டிருந்தபோதே.

படிவத்தில் காரணத்துக்கு மூன்று கட்டம்:
மழை, மண், பிற.
முதல் இரண்டில் குறி போடச் சொல்லி
மேலதிகாரி தொலைபேசியில் சொன்னார்.
மழைமீது யாரும் வழக்குப் போட முடியாது.
மண்ணுக்குக் கையெழுத்து வராது.
மூன்றாவது கட்டத்தில் இடம் போதவில்லை;
ஓரத்தில் ஏறி, தாளைத் திருப்பி எழுதினேன்:
குழாயின் விட்டம், அது நின்ற இடம்,
குளிர்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தேதிகள்,
ஒன்று விடாமல்.

கிளம்பும் முன் துளையை அடைக்க வேண்டும்.
மறந்து போய்விட்டால் அதுவும் ஒரு குழாய்தான்.
பெக்கிசிசா சிமெண்ட் கரைத்து ஊற்றுகிறான்,
நான் மூட்டைகளை எண்ணுகிறேன்.
நான்கு. ஐந்து.
தெற்கே கடல்மேல் மேகம் இருட்டுகிறது.
இன்னும் ஒன்று ஊற்று என்கிறேன்.
நிரம்பிவிட்டது என்கிறான்.
இருக்கட்டும், ஊற்று.